நன்னடத்தை லீக்

கேப்டன் எல்பிடியோவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: கூடைப்பந்து. ஊரில் டெங்கு வந்த வருஷம் டெங்கு ஒழிப்புக் கூடைப்பந்து லீக் நடத்தினார். நாய்க்கடி அதிகமான வருஷம் வெறிநாய்க்கடி விழிப்புணர்வு லீக். கடலில் மீன் குறைந்தபோது மீன்வளப் பாதுகாப்புக் கோப்பை என்று ஒன்று நடந்தது. மீன் வரவில்லை, கோப்பை வந்தது. இருபது வயதில், பக்கத்து ஊருக்கு எதிரான ஆட்டத்தில், கடைசி நொடியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த பந்து கூடைக்குள் விழுந்து தொலைத்துவிட்டது. அந்தப் பெருமையில்தான் புந்தா மாயா கிராமத்துக்குக் கேப்டனாகவும், அதாவது ஊர்த் தலைவராகவும், ஆனார். அன்று பந்து தவறியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும்.

அதனால், இளைஞர்கள் கெட்டுப்போகாமல் தடுக்கும் சிறந்த கிராமத் திட்டத்துக்குக் கவர்னர் கையால் பரிசு என்று மாகாண அலுவலகம் அறிவித்தபோது, கேப்டன் யோசிக்கவே இல்லை. யோசிக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. திட்டத்தை அழகாக எழுதித் தர ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் ரெமேதியோஸ், சுருக்கமாக ரெமி.

ரெமி ஊர் மன்றத்தின் இளைஞர் நலக் கவுன்சிலர். பொறுப்புகளைப் பங்கு போட்ட அன்று அவள் தாமதமாகப் போனாள். சாலை, சாக்கடை, சந்தை எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், மிச்சமிருந்தது இளைஞர்கள். ஆனால் எழுத்தில் அவள் கெட்டிக்காரி. ஊரில் தொங்கும் பிளெக்ஸ் பேனர்களில் கேப்டனின் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாசகமெல்லாம் அவள் எழுதியதுதான். 'இளமை ஒரு விளக்கு, அதை அணையவிடாதே' என்று அவள் எழுதியதை மாதா கோயில் சாமியாரே பிரசங்கத்தில் சொன்னார்.

அவள் வீட்டு விளக்கின் பெயர் ரெம்பெர்ட். ரெமேதியோஸில் பாதி, நோர்பெர்த்தோவில் பாதி. அவள் கணவன் நோர்பெர்த்தோ வருஷத்தில் பத்து மாதம் சரக்குக் கப்பலின் அடித்தட்டில் எண்ணெயும் கரியுமாகக் கிடப்பவன். தன் மகன் மேல்தட்டில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. ரெம்பெர்ட்டின் ஆசையும் அதுதான். நகரத்தில் இருக்கும் மாலுமிப் பள்ளியில் சேர அவனுக்கு மதிப்பெண் இருந்தது, கண் பார்வை இருந்தது, உயரம்கூட இருந்தது. இல்லாதது நன்னடத்தைச் சான்றிதழ். ஆசிரியர் தினத்தன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாலு பையன்கள் ஒரு ஜின் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்ததைத் தலைமையாசிரியை பார்த்துவிட்டாள். அந்த நாலில் ஒருவன் இவன். சான்றிதழ் கிடையாது என்று அவள் சொன்னது சொன்னதுதான். இனி கேப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உண்டு.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ரெமி கேப்டனோடு திட்டம் தீட்ட உட்கார்ந்தாள்.

"கேப்டன், லீக்ல யாரைச் சேக்கறது?"

"நல்ல பசங்களை."

"நல்ல பசங்க ஏற்கெனவே நல்லாத்தானே இருக்காங்க?"

"அதனாலதாம்மா சொல்றேன். கெட்டவனைச் சேத்து, நடுவுல எங்கயாவது மாட்டிக்கிட்டான்னா நம்ம திட்டமே நாறிடும். முடியறப்ப ஒருத்தன்கூடக் கெட்டுப்போகலைன்னு காட்டணும். கெடாதவனா பாத்து எடுத்தா எப்படிக் கெடுவான்?"

கேட்கும்போது இதில் எங்கோ ஓட்டை இருப்பதாக ரெமிக்குப் பட்டது. எழுத உட்கார்ந்ததும் ஓட்டை மறந்து, வாக்கியம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. 'நன்னடத்தைச் சான்றிதழ் உள்ள இளைஞர்கள் மட்டுமே இந்த லீக்கில் விளையாடத் தகுதியுடையவர்கள்.' எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டாள். கம்பீரமாக இருந்தது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

"அம்மா, பாயிண்ட் கார்டு இடத்துக்கு என் பேரைக் குடுத்துட்டியா?" என்று ரெம்பெர்ட் கேட்டான். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் ஓடுகிறவனின் இடம் அது. ஊரில் அவன் அளவுக்கு அப்படி ஓட ஆள் கிடையாது.

"அது வந்து... சான்றிதழ் வேணும்டா."

"எவன் போட்டான் இந்த ரூல்?"

ரெமி அடுப்பில் இருந்த சோற்றைக் கிளறினாள். சோறு கிளறக்கூடிய பதத்தில் இல்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஊர் நடுவே கூரை போட்ட கூடைப்பந்து கோர்ட் ஒன்று உண்டு. பள்ளி விட்டதும் ரெம்பெர்ட், அவன் சேக்காளி டிண்டோ, இன்னும் நாலைந்து பேர் ரப்பர் செருப்போடு அங்கே ஓடுவார்கள். பளீர் பளீர் என்று செருப்புச் சத்தம் ரெமி வீட்டுச் சமையலறை வரை கேட்கும். இருட்டிய பிறகு வியர்வையும் பசியுமாக வீடு வந்து, தின்றுவிட்டுக் கட்டையாகத் தூங்குவார்கள். இதற்கு யாரும் திட்டம் எழுதவில்லை, பேனர் கட்டவில்லை. லீக் வந்ததும் கேப்டன் தரைக்கு நீலமும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்தார். மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் செருப்புக் கீறல் விழக்கூடாதென்று வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார். பையன்கள் எங்கே போவார்கள்? கடற்கரைத் தடுப்புப் பாறைகளுக்குப் போனார்கள். அங்கே பந்து போட முடியாது, பாட்டில் வைக்கலாம்.

லீக் பிரமாதமாக நடந்தது. தொடக்க விழாவில் அணிக்கு ஓர் அழகி, மினுமினுக்கும் நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் வந்தாள். கேப்டன் முதல் பந்தை எறிந்தார். அது கூடையைத் தொடவில்லை, பேனரில் இருந்த அவர் மூக்கில் பட்டது. போகப்போக ஜெயிக்கிற வெறியில் எல்லா அணிகளும் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்டக்காரர்களை இறக்கின. அவர்களுக்கெல்லாம் கேப்டன் நின்ற இடத்திலேயே நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். இறுதி ஆட்டத்தில், தீய வழியில் போகாமல் தடுக்கப்பட்ட புந்தா மாயா இளைஞர்களில் ஒருவருக்கு முன்மண்டை வழுக்கை. அரங்கின் ஓரத்தில் அவர் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்து விசிலடித்தாள்.

பிறகு மதிப்பீடு செய்ய மாகாணத்திலிருந்து மேடம் பலோமார் வந்தார். பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார், கொடுத்த பான்சித் நூடுல்ஸைச் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் நல்லாருக்கு கேப்டன். திருந்தின பையனைக் கூப்பிடுங்க."

"எந்தப் பையன் மேடம்?"

"உங்க லீக்கால திருந்தினவன். கவர்னர் முன்னாடி பேசணுமில்ல? போன வருஷம் ஜெயிச்ச ஊர்ல ஒருத்தன் பேசினான் பாருங்க, கவர்னர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அது இல்லாம எப்படி?"

கேப்டன் தன் ஆட்டக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். பாதிப் பேர் கோயில் பாடகர் குழு, மீதிப் பேர் பக்கத்து ஊர்.

"டேய், ஒருத்தனாவது சிகரெட்டாவது பிடிச்சிருக்கீங்களாடா?"

பூசைக்கு உதவி செய்யும் பையன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "நான் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை விரதத்துல பன்னிக்கறி தின்னுட்டேன் கேப்டன்."

அன்று சாயங்காலமே கேப்டன் ரெமி வீட்டுக்கு வந்தார், கையில் முழுசாகச் சுட்ட கோழியோடு. சும்மா வருகிறவர் இல்லை. கோழியோடு வந்தால் ஆடு கேட்கப் போகிறார் என்று அர்த்தம். ரெம்பெர்ட் மூங்கில் பெஞ்சில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஊர் மானம் உன் கையிலதான் இருக்கு," என்று கேப்டன் தொடங்கி, விஷயத்தைச் சொன்னார்.

ரெம்பெர்ட் எழுந்து உட்கார்ந்தான். "லீக்ல சேர்றதுக்கு நான் கெட்டவன். லீக்கால திருந்தறதுக்கு மட்டும் நான் வேணுமா கேப்டன்?"

"அட, கெட்டவனாலதானேப்பா திருந்த முடியும்? நல்லவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேணும். கையெழுத்தோட."

"பேசி முடி. மறுநாள் காலையில வந்து வாங்கிக்க. இந்தக் கோழி மேல சத்தியம்."

பேச்சை எழுத வேண்டியவள், வேறு யார், ரெமிதான். தையல் மெஷினின் பலகையை மூடி, அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். 'நான் என் நண்பர்களோடு ஜின் குடித்தேன்' என்ற வரியைப் படித்ததுமே கேப்டன் முகத்தைச் சுளித்தார்.

"ஜின்னா? ஜின் எங்க வீட்ல கல்யாணத்துக்கும் குடிப்பாங்க, சாவுக்கும் குடிப்பாங்க. கவர்னர் அதுக்கா அழுவார்? ஷாபுன்னு போடு, அந்தப் போதைத் தூள்."

"ஐயோ கேப்டன்! என் பிள்ளை அந்தத் தூளைக் கண்ணால பாத்ததுகூட இல்ல."

"நானும்தான் பாத்ததில்ல. எழுதும்மா. சான்றிதழ் வேணுமா வேணாமா?"

ரெமியின் கை நின்றது. நின்ற கைக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட மகன் ஒரு கப்பலின் மேல்தட்டில் நின்றான். எழுதினாள். ஒரு வரி எழுதினால் அடுத்த வரி தானாக வந்தது. அவள் கெட்டிக்காரி அல்லவா? வீட்டில் இருந்த பண்டத்தையெல்லாம் விற்றான், போட்டுக்கொண்டிருந்த ஒரே சட்டையைத் தவிர மற்ற துணியை விற்றான், கடைசியில் பெற்றவளின் தையல் மெஷினையே விற்றான் என்று எழுதி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

ரெம்பெர்ட் தாளை வாங்கிப் படித்தான். "அம்மா, மெஷினை வித்துட்டேன்னு போட்டிருக்க. அதுமேல வெச்சுத்தானே எழுதின?"

"கதைக்குத்தான்டா."

"நல்லாத்தான் எழுதற. எனக்கே என்மேல வெறுப்பா வருது."

மாகாண மண்டபத்தில் அவன் பேசினான். எழுதியதைப் பார்க்கவே இல்லை. தையல் மெஷின் இடம் வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தான், குரல் உடைந்தது. நடிப்பா நிஜமா என்று ரெமிக்கே பிடிபடவில்லை. கவர்னர் கைக்குட்டையை எடுத்தார். மேடம் பலோமார் தேம்பினார். மண்டபத்தில் இருந்த எல்லார் கையிலும் போன் இருந்தது. எல்லாப் போனும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. புந்தா மாயாவுக்கே முதல் பரிசு. கோப்பை கிட்டத்தட்ட கேப்டன் உயரமே இருந்ததால், படத்தில் கோப்பைக்குப் பின்னால் அவர் தலைமுடி மட்டும் விழுந்தது.

மறுநாள் காலை தாயும் மகனும் கேப்டன் அலுவலகத்துக்குப் போனார்கள்.

"உக்காரு ரெமி," என்றார் கேப்டன். முகத்தில் வருத்தம் வழிந்தது. "நானும் ராத்திரியெல்லாம் நினைச்சுப் பாத்தேன். எப்படிம்மா கையெழுத்துப் போடறது? ஷாபு அடிச்சேன்னு கவர்னர் முன்னாடி மைக்ல சொல்லிட்டானே. நாளைக்கு என்னைக் கேப்பாங்க இல்ல?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க!"

"நான் போடச் சொன்னேன். அவன் சொன்னான். சொன்னவன் அவன்தானே?" கேப்டன் சமாதானமாகச் சிரித்தார். "ஒண்ணு பண்ணு. அடுத்த லீக்ல அவனைச் சேத்துடறேன். முழுசா ஆடட்டும், அப்புறம் தாராளமா குடுக்கலாம்."

"லீக்ல சேர என்ன வேணும் கேப்டன்?" என்று ரெம்பெர்ட் கேட்டான்.

"நன்னடத்தைச் சான்..." என்று ஆரம்பித்த கேப்டன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ரெமிக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. மேசைமேல் இருந்த கோப்பையைக் காட்டினாள். "இங்க பாருங்க. என் பிள்ளை திருந்திட்டான்னா அவன் இப்போ நல்லவன், கையெழுத்துப் போடுங்க. திருந்தலைன்னா உங்க லீக் யாரையும் திருத்தலை. கோப்பையைத் தூக்குங்க, நானே பஸ்ல கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

கேப்டன் கோப்பையைப் பார்த்தார், ரெமியைப் பார்த்தார், மறுபடி கோப்பையைப் பார்த்தார். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

ரெமி ஜெயித்துவிட்டாள். அந்த ஜெயம் நகரத்துக்குப் போய்ச் சேரும் வரைதான் தாங்கியது. மாலுமிப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தில் இருந்த அம்மாள் சான்றிதழைக் கையில் வாங்குவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயோ, நீ அந்தப் பையன்தானே! தையல் மெஷின் பையன்! உன் வீடியோவை எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன் தம்பி. அழுதுட்டேன்!"

அழுத கையோடு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கப்பல் கம்பெனிக்காரர்கள் போதை விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறாராம்.

"மேடம், அது பொய்," என்றாள் ரெமி. "அத்தனையும் நான் எழுதினது. என் பிள்ளை அதைத் தொட்டதே இல்ல."

அந்த அம்மாள் ரெமியின் கையை அன்பாகத் தட்டிக்கொடுத்தாள். "எல்லா அம்மாவும் இப்படித்தாம்மா சொல்வாங்க. நான் உங்களைத் தப்பா நினைக்கல." பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "அடுத்த மாசம் எங்க பசங்களுக்குப் போதை விழிப்புணர்வு நாள் வருது. தம்பி வந்து பேசினா ரொம்ப நல்லாருக்கும்!"

இப்படியாக ரெம்பெர்ட் மாலுமிப் பள்ளிக்குள் போனான். வெள்ளைச் சட்டை போட்ட பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஓர் எச்சரிக்கைப் பாடமாக மேடையில் நின்று பேசிவிட்டு வெளியே வந்தான்.

அதன்பிறகு அழைப்புகள் நிற்கவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் பிள்ளைகளைக் காக்கத் தன் பிள்ளையைக் கேப்டனின் வேனில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள் ரெமி. போன இடத்திலெல்லாம் ஒரு பொட்டலம் பான்சித், ஒரு ஜூஸ், கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ். சுவரில் அவற்றை மாட்ட இடமில்லாமல் போயிற்று. ஊருக்கு ஊர் அவன் பாவமும் வளர்ந்தது: தையல் மெஷினோடு எருமை சேர்ந்தது, எருமையோடு அப்பாவின் கடிகாரம் சேர்ந்தது. மேடைக்கென்று ரெமி வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்திருந்தாள், விற்றுப்போன அந்த மெஷினில்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், அன்றைய பேச்சுக்காக அந்தச் சட்டையை இஸ்திரி போட எடுத்தாள். பையில் ஏதோ கனத்தது. தட்டையான சின்ன பாட்டில், பாதி காலி.

"என்னடா இது?"

"ஜின்," என்றான் ரெம்பெர்ட், பெஞ்சில் படுத்தபடியே.

"அது தெரியுது."

"போன ஊர்ல யாரும் அழலைம்மா. முன்ன மாதிரி அனுபவிச்சுப் பேச மாட்டேங்கறேன்னு கேப்டன் சொன்னார்." அவன் சிரித்தான். "அதான், கொஞ்சம் அனுபவிச்சுக்கறேன்."

ரெமி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். ஊர் முழுக்கத் தொங்கும் வாசகங்களில் ஒன்றாவது இப்போது வாயில் வருமா என்று தேடினாள். இளமை ஒரு விளக்காம். எழுதிய கையை ஒடித்துப் போட வேண்டும் போலிருந்தது. சட்டையைக் கொண்டுபோய்ச் சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கினாள். பாட்டிலில் மிச்சமிருந்ததையும் அதிலேயே கொட்டினாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"பையன் ரெடியா ரெமி? நேரமாச்சு!"

"வரமாட்டான். சட்டை நனைஞ்சு கிடக்கு."

"வேற சட்டை போட்டுக்கிட்டு வரச் சொல்லு."

"வேற சட்டை ஏது கேப்டன்? எல்லாத்தையும் வித்துட்டானே. நான்தானே எழுதினேன்?"

கேப்டன் வேனிலிருந்து இறங்கினார். "விளையாடாதம்மா. அங்க ஆள் கூடிட்டாங்க. யார் பேசறது?"

"நான் வரேன். எழுதினவளே பேசறேன், முதல் வரியிலேர்ந்து. கோழி கொண்டுவந்த கதையிலேர்ந்து." ரெமி ஈரக் கையை நீட்டினாள். "வேணாம்னா கோர்ட் சாவியைக் குடுங்க."

"கோர்ட்டா? அடுத்த லீக்குக்குப் புதுப் பெயிண்ட் அடிச்சு..."

"சாவி."

கேப்டன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பைத் தடவி, வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினார். வேன் வந்த வழியே திரும்பிப் போனது.

ரெம்பெர்ட் கதவருகில் நின்றிருந்தான். "உள்ள போக நன்னடத்தைச் சான்றிதழ் வேணாமாம்மா?"

அவள் சாவியை அவன் கையில் வைத்து அழுத்தினாள். "போடா. டிண்டோவைக் கூப்பிட்டுக்க. எல்லாரையும் கூப்பிடு."

"அவங்க வரமாட்டாங்கம்மா." அவன் சிரிப்பு போய்விட்டது. "அவங்களுக்குப் பாறை பழகிடுச்சு."

ஆனாலும் கட்டிலுக்கடியில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். சங்கிலி விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பந்து தரையில் தட்டும் சத்தமும், ஒரு ஜோடிச் செருப்பின் பளீர் பளீரும் சமையலறைக்கு வந்தன. ரெமி சட்டையைப் பிழியாமல் வாளியிலேயே விட்டுவிட்டு, ஜன்னலோரமாக நின்று, இன்னொரு ஜோடிச் செருப்பின் சத்தம் சேர்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.